புது ரிக்கின் முதல் துளை: மல்லசமுத்திரம் பக்கம் இரண்டு பயணங்கள்

மல்லசமுத்திரம் பக்கம் யாராவது ஊர் சுற்றிப் பார்க்கப் போவார்களா என்று என் வகுப்புத் தோழிகள் கேட்டார்கள். அருவி கிடையாது, கோட்டை கிடையாது, படகு கிடையாது. நான் போனது கட்டி முடிக்காத ஒரு கல்யாண மண்டபத்தின் வெளிநிலத்தைப் பார்க்க. இந்த வருடம் ஆவணியில் ஒரு சனிக்கிழமையும், ஐப்பசியில் ஒரு மழை விடுமுறை நாளிலும் போனேன். இரண்டு பயணங்களையும் சேர்த்து எழுதினால்தான் விஷயம் புரியும்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு. எங்கள் தெருவில் மளிகை மூட்டைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே மண் தெரிகிற இடம் என்றால் எங்கள் வீட்டுத் துளசித் தொட்டி மட்டும்தான். அதனாலோ என்னவோ, என் சுகந்தி சித்தியின் வேலை எனக்கு எப்போதும் அதிசயமாக இருக்கும். சித்தி நிலவடிவமைப்பாளர். கட்டடத்துக்கு வெளியே இருக்கிற இடம் முழுவதும் அவர் பொறுப்பு: எங்கே நிழல் விழ வேண்டும், வண்டிகள் எங்கே நிற்க வேண்டும், மழைநீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எல்லாம்.

எட்டு வருடம் கோயம்புத்தூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், இந்தப் பங்குனியில் அதை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். முன்பு தான் வரைந்து கொடுத்த ஒரு புல்தரையைப் பார்க்கப் போனாராம். லாரித் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சலித்துப்போய், அங்கே பிளாஸ்டிக் புல்லை விரித்து வைத்திருந்தார்களாம். "அதையும் தினமும் ஒருத்தர் துடைப்பத்தால பெருக்கிட்டிருந்தார்டி. அதைப் பார்த்ததும் போதும்னு தோணிருச்சு" என்றார். தனியாக அவருக்குக் கிடைத்த முதல் வேலை இந்த மண்டபம். இது கையை விட்டுப் போனால் மறுபடியும் பழைய அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 

முதல் பயணத்தில் காலை ஐந்தே முக்காலுக்குப் புதிய பேருந்து நிலையத்தில் திருச்செங்கோடு பஸ் ஏறினோம். ஆட்டையாம்பட்டி வழியாகப் போகிற பஸ்ஸா என்று கேட்டு ஏறுங்கள். சங்ககிரி வழியாகவும் ஒன்று போகிறது. மல்லசமுத்திரத்துக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். எனக்கு முப்பது ரூபாய் டிக்கெட். கையில் ஐந்தடி அளவுகோல் ஒன்றும், பாம்பு மாதிரி சுருட்டிய, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாயும் வைத்திருந்தேன். குழாயில் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நிலத்தின் மேடு பள்ளம் பார்ப்பதற்கு.

"ஏனுங்க, இந்தக் கம்புக்கும் ஒரு டிக்கெட் போட்டறட்டுங்களா? சீட்டுல சாஞ்சு ஒக்காந்திருக்குதே" என்றார் நடத்துநர்.

"அது நின்னுக்கிட்டே வருங்க" என்றார் சித்தி.

முதல் நாள் இரவு மழை பெய்திருந்தது. ஆட்டையாம்பட்டி தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடுகள் கழுவி வைத்தது போல நின்றன. அது முடிந்தால் சோளம், அதற்கப்புறம் வெறும் செம்மண் கரடு. மல்லசமுத்திரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய் கொடுத்து நான்கு கிலோமீட்டர் போக வேண்டும். ஆட்டோக்காரரிடம் ரிக்காரர் புதிதாகக் கட்டுகிற மண்டபம் என்றோம். "எந்த ரிக்காரருங்க? இங்க தடுக்கி உழுந்தா ரிக்காரரு மேலதான் உழோணும்" என்று சிரித்தவர், "அஞ்சு போர் இருக்குதே, அந்த மண்டபமுங்களா?" என்றார். அதேதான்.

இதை வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிதான் தொழில். வண்டிகள் வருடம் முழுக்க வடமாநிலங்களில் ஓடும். மண்டபத்தின் உரிமையாளர் பெரியண்ணன் அவர்களும் அப்படித்தான். அவர் குடும்பத்தில் ஒரு வழக்கம்: புது ரிக் வாங்கினால், அது வெளியூர் கிளம்புவதற்கு முன்னால் முதல் துளையைச் சொந்த நிலத்தில் போட வேண்டும். தண்ணீர் தேவையா இல்லையா என்பது கேள்வியே இல்லை. இதுவரை ஐந்து ரிக், அதனால் மூன்று ஏக்கரில் ஐந்து போர். நான்கு வறண்டுவிட்டன. ஐந்தாவதில் அரைமணி நேரம் மோட்டார் ஓடினால் காற்றுதான் வரும். அன்று ஆறாவது ரிக் வருகிறது.

பெரியண்ணனுக்கு மண்டபத்தைச் சுற்றிலும் புல்தரை வேண்டும். ஏதோ ஒரு பெரிய ஓட்டலில் பார்த்தாராம். சித்தியின் வரைபடம் வேறு மாதிரி இருந்தது. மேடை முன்னால் மட்டும் கொஞ்சம் புல். மற்ற இடங்களில் புங்கனும் வேம்பும் பூவரசும். வண்டி நிறுத்துகிற இடத்தில் சிமெண்டு போடாமல் இடைவெளி விட்டுப் பதித்த கற்கள். நிலத்தின் தாழ்வான வடகிழக்கு மூலையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளத் தோட்டம். மழைநீர் அங்கே வந்து, தெளிந்து, வறண்டு கிடக்கும் பழைய போர்களுக்குள் இறங்கும்.

ஆனால் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர் ஆறாவது போருக்கு இடம் குறித்துக் கொடுத்தது அதே வடகிழக்கு மூலையைத்தான்.

"ஈசானிய மூலையில தண்ணி இருக்கோணும் அம்மிணி. அதுதான சாஸ்திரம்?" என்றார் பெரியண்ணன். வெள்ளை வேட்டி, நெற்றியில் பட்டை விபூதி, கையில் இரண்டு போன்.

"நானும் அங்க தண்ணிதானுங்கண்ணா நிறுத்தச் சொல்றேன்" என்றார் சித்தி.

"அது மேல நிக்கிற தண்ணி. நான் சொல்றது கீழ இருக்கிற தண்ணி. ரெண்டும் ஒண்ணாயிருமா?" அவர் கோபப்படவில்லை. நிதானமாகவே ஒரு முடிவு சொன்னார். "ஒண்ணு பண்ணலாம். இன்னைக்குப் போர்ல தண்ணி வந்துச்சுன்னா, மூலைய மண்ணு போட்டுத் தூத்துட்டு முச்சூடும் புல்லு. வரலைன்னா நீங்க சொன்னாப்ல பண்ணிக்கலாம். செரிங்களா?"

சித்தி தலையாட்டினார். வேறென்ன செய்ய முடியும்?

நான் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். சித்தி ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் அதற்குப் போரில் தண்ணீர் வராமல் இருக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போது காலிக் குடத்தோடு ஆட்கள் நின்ற ஒரு நிறுத்தத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இந்த மண்ணில் நின்றுகொண்டு, தண்ணீர் வரக்கூடாது என்று எப்படி வேண்டிக்கொள்வது? எதையும் வேண்டிக்கொள்ளாமல் குழாயைச் சுருட்டினேன்.

ஏழரைக்குக் குளிகை முடிந்தது, ஒன்பதுக்கு ராகுகாலம். இடையில் பூஜையை முடித்து, ரிக்கின் கம்பி நிலத்தைத் தொட்டுவிட வேண்டும். புது வண்டி, பெயிண்ட் வாசம்கூடப் போகவில்லை. முகப்பில் மாலை, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பெரியண்ணனின் மனைவி பூங்கொடி அக்கா கற்பூரம் காட்டினார். பூசணிக்காய் உடைத்தார்கள். வண்டி எலுமிச்சைகளை நசுக்கிக்கொண்டு கம்பீரமாக மூலையைப் பார்த்துப் போனது.

பாதிதூரம்தான் போனது. இரவு மழையில் ஊறியிருந்த மண்ணில் முன்சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது.

அதற்கப்புறம் அரைமணி நேரம் ஒரே சத்தம். கல் போட்டார்கள், பலகை போட்டார்கள். ஓட்டுநர் பின்னால் எடுக்க, சக்கரம் சுழன்று எல்லோருடைய வெள்ளை வேட்டிக்கும் சேறு அடித்தது. "இந்தப் பக்கம் ஒடிங்க! அக்கட்டால இல்ல, இக்கட்டால!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கடைசியில் கட்டட வேலைக்கு நின்ற ஜேசிபியை வைத்து இழுத்து வெளியே கொண்டுவந்தபோது எட்டு நாற்பது. மூலைக்குப் போக வழியே இல்லை. நிலம் காய இரண்டு மூன்று நாளாவது ஆகும். வண்டியோ மறுநாள் கிளம்பியாக வேண்டும்.

பெரியண்ணன் கைக்கடிகாரத்தையும் சேற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பூங்கொடி அக்காதான் பேசினார்.

"ஏனுங்க, இப்ப போர் போடோணுமா, இல்ல வண்டிக்குப் போணி ஆவோணுமா?"

"என்ன கேக்கற நீ?"

"போணிதான வேணும்? அந்த ரெண்டாவது போர் கெட்டித் தரையில இருக்குது. அதுல கம்பிய எறக்கிச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. இந்த அம்மிணியும் அதத்தான கேட்டுட்டு இருக்குது."

"வறண்ட போர்ல போணியா? நல்லா இருக்குது உன்ற ரோசனை."

"ஆமா, போன வண்டிக்கு ஈரமாப் பாத்துத்தான் போட்டீங்க. அது ஆறு மாசம் ஒர்க் ஷாப்பத் தாண்டல. உங்க ராசி எனக்குத் தெரியாதா?"

சேறு அப்பிய ஆட்கள் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். பெரியண்ணனும் சிரித்துவிட்டார். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ரிக்கின் கம்பி பழைய போருக்குள் இறங்கியது.

நான் இதுவரை கேட்ட சத்தங்களிலேயே பெரியது அதுதான். கம்ப்ரசர் காற்று உள்ளே போக, சாம்பல் நிறச் சகதியும் கல்தூளும் பனைமர உயரத்துக்குப் பீறிட்டன. அடைத்திருந்ததெல்லாம் வெளியே வந்த பிறகு, கட்டட வேலைக்காக அங்கே நின்ற தண்ணீர் லாரியின் குழாயைப் போருக்குள் விடச் சொன்னார் சித்தி. லாரி முழுக்கக் காலியாகியும் ஒரு சொட்டுக்கூட மேலே எட்டிப் பார்க்கவில்லை. ரிக் ஓட்டுநர் குனிந்து உள்ளே பார்த்தார். "எங்கீங்க போகுது இது?"

பெரியண்ணனும் குனிந்து போருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சித்தியிடம், "உங்க பள்ளத்தப் பண்ணுங்க. ஆனா ஒண்ணு. ஐப்பசி மழையில தண்ணி அங்கயே தேங்கி நின்னுதுன்னா, அன்னைக்கே மண்ணு கொட்டித் தூத்துருவேன். கார்த்திகையில மொதக் கல்யாணம். ஒறம்பரைக, சொந்தபந்தம் எல்லாம் கொசுக்கடியில ஓடுனா என்ற மானம் போயிரும்" என்றார்.

ஆக, சித்திக்குக் கிடைத்தது ஒரு மழைக்காலம்.

அடுத்த வாரங்களில் எனக்குத் தேர்வு. சித்தி மட்டும் போய் வந்துகொண்டிருந்தார். கூரையிலிருந்து வரும் தண்ணீர் தொட்டியில் மண்டி தங்கிய பிறகு நேராகப் பழைய போருக்குப் போகும். வண்டி நிற்கிற இடத்துத் தண்ணீரில் எண்ணெய் இருக்கும் அல்லவா? அதை நேராகப் போருக்குள் விட்டால் நிலத்தடி நீரையே கெடுத்துவிடும். அதனால் அது முதலில் பள்ளத் தோட்டத்தில் வெட்டிவேருக்கும் கல்வாழைக்கும் நடுவே மெதுவாகப் போய், அடியில் மணலும் ஜல்லியும் போட்ட படுகை வழியாக மண்ணில் ஊறும். அதற்கும் மேல் வருகிற தெளிந்த நீர் மட்டும் வேறு இரண்டு போர்களுக்கு. வறண்ட நான்கில் மூன்றை இப்படி இணைத்தார். நான்காவது ரொம்பவும் இடிந்திருந்ததால் மூடிவிட்டார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் விடிய விடிய மழை. காலை ஆறரைக்குப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று செய்தி வந்தது. வழக்கம்போல, விடுமுறை அறிவித்ததும் வெயில் அடித்தது. ஏழு மணிக்குச் சித்திக்குப் பெரியண்ணனிடமிருந்து போன்.

"அம்மிணி, முழங்கால் தண்ணி நிக்குதுங்க. தூத்தறதுக்குக் கெரவல் மண்ணுக்குச் சொல்லியாச்சு. வந்து பாத்துக்கிறீங்கன்னா வாங்க."

சித்தி உடனே செருப்பை மாட்டினார். நானும் கூடவே கிளம்பினேன். அன்று பஸ் மெதுவாகத்தான் போனது. வழியில் ஓர் ஓடை சாலையைத் தொட்டுக்கொண்டு ஓடியதால் இரண்டு இடத்தில் நிறுத்தினார்கள். ஒன்றேகால் மணி நேரப் பயணம் மூன்று மணி நேரமாகிவிட்டது. சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வந்தார். புத்தகம் கொண்டு போயிருந்தேன். ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

பதினொரு மணி சுமாருக்குப் போய்ச் சேர்ந்தபோது மண்டப வாசலில் ஒரு டிப்பர் லாரி முழுச் சுமையோடு நின்றது. அதைப் பார்த்ததும் சித்தியின் நடை வேகமானது. வடகிழக்கு மூலையில் பெரியண்ணனும் பூங்கொடி அக்காவும் நின்றிருந்தார்கள்.

பள்ளத்தில் தண்ணீர் இல்லை.

வெட்டிவேர்த் தூர்களில் வைக்கோல் துண்டும் காய்ந்த இலையும் ஒட்டியிருந்தன. கல்வாழை இலைகளில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. தரை ஈரமாகப் பளபளத்தது. அவ்வளவுதான்.

"நான் பொய் சொல்லலீங்க அம்மிணி" என்று பெரியண்ணன் அவசரமாகப் போனை நீட்டினார். காலை ஆறே முக்காலுக்கு எடுத்த படம். ஆழம் தெரியட்டும் என்று பூங்கொடி அக்காவைப் பள்ளத்துக்குள் இறங்கி நிற்கச் சொல்லி எடுத்திருக்கிறார். அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேமராவை முறைக்கிறார். "எட்டு மணிக்குக்கூட நின்னுதுங்க. டீ குடிச்சுட்டு வாரேன், பாதி இல்ல. டிப்பர்காரன் வந்து நிக்கறான், சுத்தமா இல்ல."

"போங்க, தண்ணியக் காணோம்னு போலீசுல எழுதிக் குடுத்துட்டு வாங்க" என்றார் அக்கா. "கண்ணு, நீயே சொல்லு, இந்தப் படத்த எங்க ஒறம்பரை குரூப்புலயெல்லாம் போட்டுட்டாரு."

பெரியண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. பழைய போர் பக்கம் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்து, மூடியில் காதை வைத்தார். உள்ளே சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தம் வெளியே நின்ற எனக்கே கேட்டது. ஆயிரம் அடி, ஆயிரத்து இருநூறு அடி என்று வாழ்நாள் முழுக்க மேலே எடுத்தே பழகியவர். தண்ணீர் கீழே போகிற சத்தத்தை அவர் அதற்குமுன் உட்கார்ந்து கேட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"அஞ்சாவது போர்ல ஏறியிருக்குமுங்களா?" என்று கேட்டார். மோட்டாரைப் போட்டுப் பார்த்தோம். முன்போலவே அரைமணி நேரம் ஓடிவிட்டுக் காற்று வந்தது. சித்தி மழுப்பவில்லை. "ஒரு மழையில ஏறாதுங்கண்ணா. இத்தனை வருசம் எடுத்திருக்கோம். நாலஞ்சு மழைக்காலம் போனாத்தான் ஏதாவது சொல்ல முடியும். ஏறாமலே போனாலும் போகலாம். ஆனா இங்க இருக்கிற மரத்துக்கு லாரித் தண்ணி வேண்டியிருக்காது. அதை மட்டும் என்னால உறுதியாச் சொல்ல முடியும்."

அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். வாசலுக்குப் போய் டிப்பர்காரரிடம், "இந்த மண்ண எங்க ஊட்டுத் தடத்துல குழியிருக்குது பாரு, அங்க கொண்டுபோய்க் கொட்டிரு" என்றார். லாரி திரும்பிப் போகிற வரைக்கும் சித்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கல்வாழையில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார். அது எடுக்க வேண்டிய அவசியமே இல்லாத வைக்கோல்.

எங்கள் பாடப் புத்தகத்தில் நீடித்த வளர்ச்சி பற்றி ஒரு பாடம் உண்டு. ஐந்து மதிப்பெண் கேள்வி. எனக்கு விடை மனப்பாடம். எதிர்காலத் தலைமுறை என்று அதில் வரும். அது யாரோ தூரத்தில் இருக்கிறவர்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் சித்தி முன்பு வரைந்த அந்தப் புல்தரைக்குத் தலைமுறையெல்லாம் தேவைப்படவில்லை. இரண்டு கோடையிலேயே பிளாஸ்டிக்காகிவிட்டது. ஓர் இடத்தை அழகாக வரைந்துவிடலாம். அது அழகாகவே இருப்பதற்கு ஒவ்வொரு நாளும் வேறொரு இடத்திலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டுமென்றால், அந்த வேறொரு இடத்தில் யாரோ குடத்தோடு நிற்கிறார்கள். வரைபடத்தில் அவர்களும் இருக்க வேண்டும் என்பதுதான் சித்தியின் வேலை என்று இப்போது எனக்குப் புரிகிறது. பெரியண்ணனும் கெட்டவர் இல்லை. தண்ணீர் எடுப்பதில் கெட்டிக்காரராக இருந்ததால், அது தீரும் என்பதை நினைக்க அவருக்கு நேரம் வரவில்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மண்டபத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஆட்டோக்காரர்களிடம் போர் எண்ணிக்கையைச் சொன்னால் கொண்டுபோய் விடுவார்கள். கல்யாணம் இல்லாத நாளில் வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போகலாம். சேலத்திலிருந்து போக வர ஒருவருக்கு நூறு ரூபாய், ஆட்டோவையும் சேர்த்து. காலை உணவை மல்லசமுத்திரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள், மண்டபத்துக்குப் பக்கத்தில் கடை இல்லை. திரும்பும்போது ஆட்டையாம்பட்டியில் முறுக்கு வாங்காமல் வந்தால் வீட்டில் திட்டு விழும். செம்மண் வழுக்கும், பழைய செருப்பு போதும். எங்காவது ரிக் ஓடுவதைப் பார்த்தால் தள்ளியே நில்லுங்கள். மூடியில்லாத போரை எந்த ஊரில் பார்த்தாலும் வேடிக்கை பார்க்காமல் உடனே ஊர்க்காரர்களிடம் சொல்லி மூட வையுங்கள்.

பள்ளத் தோட்டத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்க்க ஆசையிருந்தால் மழைக்கு மறுநாள் முதல் பஸ்ஸிலேயே போய்விடுங்கள். டீ குடிக்க நின்றால் அதைப் பார்க்க முடியாது.